காலி வண்டிக்கு எதற்குக் காவல்?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 43. தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். ஹார்பரில் பல வருஷம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டினேன். இப்போது ஒரு கார் ரேஸ் டீமில் லாரி டிரைவர். ரேஸ் கார், டயர், ஜெனரேட்டர், டூல்ஸ் எல்லாம் ஏற்றிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை, கோயம்புத்தூர், நொய்டா என்று போவேன். டிராக்கில் இறக்குவது, டென்ட் அடிப்பது, டயர் உருட்டுவது, ரேஸ் முடிந்ததும் மறுபடி ஏற்றிக் கட்டுவது எல்லாம் நான்தான். ஹார்பரில் "ஏய் டிரைவரு" என்பார்கள். இங்கே டீம் டி-ஷர்ட், கழுத்தில் பாஸ், "அண்ணே" என்று மரியாதை. 2024-ல் தீவுத்திடலில் நைட் ரேஸ் நடந்தபோது எங்கள் காரும் ஓடியது. எங்கள் தெருவே டிவியில் பார்த்தது.

வீட்டில்தான் பிரச்சினை. "ஒண்ணு அந்த வேலை, இல்ல நானு" என்கிறாள் மனைவி. மகள் பெரியவளானபோது நான் நொய்டாவில் இருந்தேன். மச்சான் கல்யாணத்துக்கும் போக முடியவில்லை. அதையே சொல்லிக் காட்டுகிறாள். ஊருக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. மாதவரம் பக்கம் ஷெட்டில் கார், சாமான் எல்லாம் இறக்கிக் கணக்குக் கொடுத்துவிட்டு, அன்று ராத்திரி வண்டியிலேயே படுத்து, காலையில் குளித்துச் சாப்பிட்டு வீட்டுக்குப் போனால், வாசலிலேயே சண்டை. போன மாதம் டீம் மேனேஜருக்கே போன் போட்டு வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டாள். எனக்கு அவமானமாகிவிட்டது. என் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார். சர்க்கரை நோய். ஊசி போடுவதுகூட இவள்தான். நல்லவள்தான், ஆனால் ஹார்பருக்கே திரும்பு என்று பிடிவாதம். இந்த வேலையின் கஷ்டத்தை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: தம்பி, லாரி டிரைவர் வீட்டுக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. பாதி டிரைவர்கள் எழுதுவது, பாதி அவர்கள் மனைவிமார் எழுதுவது. இரண்டு தரப்பையும் படித்துப் படித்து, எந்த வரியில் நிற்க வேண்டும் என்பது பழகிவிட்டது.

மகள் பெரியவளானபோது ஊரில் இல்லாததற்கும், மச்சான் கல்யாணத்துக்குப் போகாததற்கும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நொய்டா இங்கிருந்து 2,000 கிலோமீட்டருக்கு மேல். லாரியை அங்கே நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடி வர முடியாது. டிரைவருக்குக் கழுத்தை நீட்டிய பெண்ணுக்கு இது தெரியும். உங்கள் மனைவிக்கும் தெரியும். சண்டையில் கைக்கு எட்டுகிறது என்பதால் அவற்றைச் சொல்லிக்காட்டுகிறார், அவ்வளவுதான்.

நான் நின்ற வரி வேறு. "கார், சாமான் எல்லாம் இறக்கிக் கணக்குக் கொடுத்துவிட்டு, அன்று ராத்திரி வண்டியிலேயே படுத்து." ஏதோ டீ குடித்ததைச் சொல்வதுபோல எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். கார் இறங்கிவிட்டது. டயர் இறங்கிவிட்டது. ஜெனரேட்டரும் ஷெட்டுக்குள் போய்விட்டது. கையெழுத்தும் ஆயிற்று. அதற்கப்புறம் அந்த லாரியில் மிச்சம் இருப்பது கட்டுகிற பெல்ட்டும் ஏற்றுப் பலகையும்தான். அதற்கா விடிய விடியக் காவல்? கார் உள்ளே இருந்து நீங்கள் கேபினில் படுத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன், அது தொழில் தர்மம். காலி வண்டியில் படுப்பதற்கு என்ன பெயர்?

மாதவரத்திலிருந்து தண்டையார்பேட்டை என்ன காசியா ராமேஸ்வரமா? மூலக்கடைக்கு நடந்து வந்தால்கூட அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். நொய்டாவிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டி வந்தவருக்குக் கடைசிப் பத்து கிலோமீட்டர்தான் மலையாகத் தெரிகிறதா?

அடுத்தது இன்னும் மோசம். "காலையில் குளித்துச் சாப்பிட்டு" வீட்டுக்குப் போகிறீர்களாம். தம்பி, பத்துப் பதினைந்து நாள் ரோட்டில் கிடந்தவன் அழுக்குச் சட்டையும் டீசல் வாடையுமாய்ப் போய் நிற்க உரிமை உள்ள வாசல் அது ஒன்றுதான். அங்கே போவதற்கு நீங்கள் குளித்து, சட்டை மாற்றி, வயிற்றையும் ரொப்பிக்கொண்டு பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி போகிறீர்கள். உங்கள் மனைவி என்ன நினைப்பார்? காசிமேட்டில் மீன் வாங்கி வைத்திருந்தால் அதை யாருக்குப் போடுவார்? ஓட்டலில் இட்லி தின்று வந்த புருஷனிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கக்கூட வழியில்லாமல் செய்துவிட்டு, வாசலிலேயே சண்டை என்று எனக்குக் கடிதம்.

இப்போது அந்த போன். மேனேஜரிடம் உங்கள் மனைவி கேட்டதை எழுதியிருக்கிறீர்கள். மேனேஜர் என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை. நான் சொல்லட்டுமா? "நேத்து நைட்டே ஷெட்டாண்ட வந்துட்டாரேம்மா, இன்னும் வீட்டுக்கு வரலியா?" இதுதானே? வண்டியில் ஜி.பி.எஸ். இருக்கிறது. ஒவ்வொரு டோல்கேட்டிலும் ஃபாஸ்டேக் மெசேஜ் ஓனர் போனுக்குப் போய்விடுகிறது. நெல்லூர் தாண்டி, நல்லூர் டோல்கேட்டில் நீங்கள் எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள் என்பது டீமில் எல்லாருக்கும் தெரியும். தாலி கட்டியவருக்கு மட்டும் தெரியாது. ஊர் வந்த புருஷன் ஊரிலேயே ஒளிந்திருந்தான் என்பதை மூன்றாவது மனுஷன் வாயால் கேட்டார் பாருங்கள், அவமானப்பட்டது அவர். நீங்கள் அவமானத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

சரி, ஏன் இப்படிச் செய்கிறீர்கள்? களைப்பு என்றால் வீட்டில் பாய் இல்லையா? குடியா? கேட்காமல் விட முடியாது. இத்தனை வருஷத்தில் இந்த "ஒரு ராத்திரி" பலருக்கு ஒரு குவார்ட்டரில் போய் முடிவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் அதை ரேஸ் மேல் பாரமாக ஏற்றாதீர்கள், அது தனி வழக்கு.

ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. டி-ஷர்ட், பாஸ், "அண்ணே". இந்த மூன்றையும் கழற்றி வைக்க உங்களுக்கு மனமில்லை. வீட்டுக்குள் காலை வைத்தால் கேஸ் சிலிண்டர், ஸ்கூல் ஃபீஸ், அம்மா காலில் புண், மோட்டார் ரிப்பேர் என்று வரிசையாக நிற்கும். அங்கே உங்களை யாரும் "அண்ணே" என்று கூப்பிட மாட்டார்கள். அதனால் இன்னும் ஒரு ராத்திரி ரேஸ்காரராகவே இருந்துகொள்கிறீர்கள்.

வேலையை நான் மட்டமாகப் பேசவில்லை. அது சாமர்த்தியமான வேலை. தரையிலிருந்து நாலு விரல்கூட எழும்பாத காரை, அடி உரசாமல் நீளப் பலகை போட்டு மேலே ஏற்ற வேண்டும். பெல்ட்டை இழுத்துக் கட்டினாலும், கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் குலுங்கி இளகிவிடும். ஓரங்கட்டி, இறங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து மறுபடி முறுக்க வேண்டும். இளகினால் வருகிற சேதத்துக்கு உங்கள் ஒரு வருஷச் சம்பளம் காணாது. ஃபார்முலா ஒன் டீம்களிலும் ஐரோப்பாவுக்குள் நடக்கிற ரேஸ்களுக்குக் கார், சாமான் எல்லாம் லாரியில்தான் போகின்றன. ஓட்டிப் போகிறவர்களே இறங்கி கராஜ் அமைப்பதும் டயர் வேலை பார்ப்பதும் அங்கேயும் உண்டு. ஆனால் அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். நாள் ஒன்றுக்குப் பொதுவாக 9 மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. டேக்கோகிராஃப் என்று வண்டியிலேயே ஒரு கருவி எல்லாவற்றையும் பதிந்து வைக்கும். 2018-ல் மூன்று வாரம் அடுத்தடுத்து ரேஸ் வந்தபோது டீம்கள் கூடுதல் டிரைவர்களைப் போட்டுச் சமாளித்தார்கள். நம் நாட்டிலும் 1961-லேயே மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் போட்டு, நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தார்கள். உங்கள் டீமில் நொய்டா டிரிப்புக்கு இரண்டாவது டிரைவர் உண்டா? கடிதத்தில் இல்லை. "அண்ணே" என்று கூப்பிடுகிற அதே வாயிடம் அதைக் கேளுங்கள். மரியாதை நிஜமா என்று அப்போது தெரிந்துவிடும்.

வடசென்னைக்காரருக்கு ரேஸ் ஒன்றும் வேற்று நாட்டுச் சங்கதி இல்லை. அந்த நல்லூர் டோல்கேட்டுக்குப் பக்கத்தில்தான் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கார் ரேஸ் நடத்திய ஊர். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வரும்வரை தென்னாட்டில் ரேஸ் என்றால் சோழவரம்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் வீட்டு ஆண்கள் செங்குன்றம் வரை பஸ், அதற்கப்புறம் நடை என்று கூட்டமாகப் போவார்கள், தோளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு. (பெண்களைக் கூட்டிப்போக மாட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.)

நீங்கள்? 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர், விளக்கு வெளிச்சத்தில் கார் ஓடியது. முதல் நாள் உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் சான்றிதழ் வரத் தாமதமாகி எல்லாம் இரவு வெகு நேரம் தள்ளிப்போனதுகூட உங்களுக்கு ஞாபகம் இருக்கும். உங்கள் தெரு டிவியில் பார்த்ததாம். உங்கள் பிள்ளைகள்? அவர்களும் டிவியில்தானா? தண்டையார்பேட்டைக்கும் தீவுத்திடலுக்கும் ஒரு பஸ் தூரம். அப்பா கட்டிக்கொண்டு வந்த காரை அப்பாவோடு நின்று பார்க்க ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்திருக்கலாம். அன்று மகள் உங்கள் கழுத்தில் இருந்த பாஸைப் பார்த்திருந்தால், இந்த வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் நீங்கள் புரியவைக்க வேண்டியதே இருந்திருக்காது.

ஹார்பருக்கே திரும்பு என்கிறார் உங்கள் மனைவி. வேண்டாம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் போர்ட் கேட்டைப் பார்த்து டிரெய்லர்கள் வரிசையில் நிற்கிற அழகு எனக்குத் தெரியாதா? வீட்டுக்குக் கூப்பிடு தூரத்திலேயே வண்டிக்குள் படுத்துக் கிடக்க வேண்டியதுதான். அங்கேயாவது நகர முடியாத காரணம் இருக்கிறது. இங்கே நீங்களாகப் படுக்கிறீர்கள். வேலையை மாற்றினால் இந்தப் பழக்கமும் கூடவே வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு ஊசி போடுவது "இவள்தான்" என்று எழுதிவிட்டு, "நல்லவள்தான், ஆனால்" என்று இழுக்கிறீர்கள். அந்த "ஆனால்" எனக்குப் பொறுக்கவில்லை. பெற்றவளுக்குச் செய்வது பிள்ளையின் கடமை. மருமகள் செய்வது அவர் பெருந்தன்மை. அதைச் சம்பளமில்லாத டூட்டியாக நினைக்கிற ஆண்களை நான் இந்தப் பக்கத்தில் என்றைக்கும் மன்னித்ததில்லை. நீங்கள் ஊரில் இருக்கிற நாளில் அந்த ஊசியை நீங்கள் போடுங்கள். ரேஸ் காரின் டயருக்கு எவ்வளவு காற்று என்று கவனிக்கத் தெரிந்த கைக்கு எத்தனை யூனிட் என்று பார்க்கத் தெரியாதா?

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். நல்லூர் டோல்கேட்டில் நிற்கும்போது முதல் போன் வீட்டுக்கு. சாமான் இறக்கிக் கையெழுத்து ஆனதும் சாவியை ஷெட் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, ராத்திரி மணி எத்தனை ஆனாலும் கிளம்புங்கள், குளிக்காமல். காலி வண்டிக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதை மேனேஜரிடம் வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அவர் நம்பரை நீங்களே மனைவி போனில் பதிந்து கொடுங்கள். இனிமேல் மனைவி எப்போது கேட்டாலும் உங்களுக்குக் கூச்சப்பட ஒன்றும் இருக்கக்கூடாது.

பேட்டாவை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காமல் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். பேங்கில் வருஷத்துக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கிறதே, பிரதமர் சுரக்ஷா பீமா, அதில் சேர்ந்திருக்கிறீர்களா? சேர்ந்திருந்தால் நாமினி யார்? கல்யாணத்துக்கு முன்னால் திறந்த கணக்கு என்றால் இன்னும் அம்மா பெயர்தான் இருக்கும். போய் மாற்றுங்கள், மனைவியைக் கூடவே கூட்டிப்போய்.

அந்த ஒரு ராத்திரிக்கு நான் சொன்னதைத் தவிர வேறு ஏதாவது காரணம் இருந்தால் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டாம். வீட்டில் சொல்லுங்கள்.