பார்வையற்றவர்களுக்கான வழிகாட்டி நாய்க்குட்டியை ஒரு வருஷம் வளர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பது அதற்குச் செய்யும் துரோகம் இல்லையா?

இல்லை. என் மாமியாரும் இதையேதான் கேட்டார், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேஷியாவின் கோயிலில் பழக்கமான ஒரு அக்காவும் கேட்டார். அவர்களிடம் முழுசாகச் சொல்ல வாய்க்காததை இங்கே சொல்கிறேன். இங்கே இந்தக் கேள்வியைக் கேட்டவர் குட்டி எடுக்கலாமா என்ற யோசனையில் இருக்கிறார், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் உண்டு என்று வைத்துக்கொள்கிறேன்.

நாங்கள் ஜோகன்னஸ்பர்க்கின் தெற்கே, கிளிப்ரிவியர்ஸ்பெர்க் குன்றுகளை ஒட்டி மொண்டியோர் பக்கம் இருக்கிறோம். கிளாடிஸ் எவான்ஸ் 1953இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க வழிகாட்டி நாய்ச் சங்கத்தின் பயிற்சி மையம் நகரின் வடக்கே பால்ஸ்ஹோஃபில். அங்கிருந்து ஒரு லாப்ரடார் பெண் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. இரண்டு மாதம்கூட ஆகாத குட்டி. சுமார் ஒரு வயது ஆகும்வரை எங்களிடம் இருந்தது.

வழி காட்டுவதை நாங்கள் கற்றுக்கொடுப்பதில்லை, அது பிறகு பயிற்சியாளர்கள் செய்வது. எங்கள் வேலை உலகத்தைப் பழக்குவது. மின்வெட்டு நேரத்தில் கடைவாசலில் அலறும் ஜெனரேட்டர், ஆள் ஏற்ற ஹார்ன் அடித்துக்கொண்டே போகும் மினிபஸ் டாக்சி, ஷாப்பிங் மாலின் வழுக்கும் தரை, எதற்கும் மிரளக் கூடாது. தைப்பூசக் காவடி ஊர்வலத்தை எதிர்ச்சாரியில் நின்று பார்த்தோம். உறுமிச் சத்தத்துக்குக் காதை மட்டும் ஒருமுறை மடித்தது, பிறகு என் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை, என் மகன் பரிசு வாங்கிய அன்றுகூட வரவில்லை.

ஜூலை இங்கே குளிர்காலம், புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். விடியுமுன் அங்கே நின்று "பிஸி பிஸி" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல்லுக்குத்தான் அது ஒதுங்கப் பழக வேண்டும். எங்கே, எப்போது என்று தெரிந்தால்தானே பார்வையற்ற ஒருவர் குனிந்து பையில் எடுத்துப் போட முடியும்? சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு விள்ளல் தோசைகூடக் கொடுக்கக் கூடாது. "பச்சப் புள்ள பாத்துக்கிட்டே இருக்கு, ஒரு வாய் குடுக்காம எப்படிடி தொண்டையில எறங்குது?" என்பார் மாமியார். "தட்டைப் பார்த்து ஏங்கும் நாய், நாளைக்கு ஓட்டலில் தன் ஆளை இழுத்துக்கொண்டு போகும், அத்தை" என்றால் கேட்கமாட்டார்.

திருப்பிக் கொடுத்த அன்று அழுதேன். வீட்டில் எல்லோரும் அழுதோம். ஆனால் பயிற்சி முடிந்து ஓர் இளைஞருக்குத் துணையாகப் போன பிறகு, அவர் சம்மதத்தோடு தெருவில் அதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். சிக்னல் விளக்கைப் பார்த்து நாய் தெருவைக் கடக்காது. வண்டிச் சத்தத்தைக் கேட்டு அவர்தான் முடிவு செய்வார். அன்று அவர் "முன்னே" என்று சொல்லிவிட்டார், ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு கார் ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. நாய் நகரவில்லை. சொன்ன சொல்லைக் கேட்காமல் நிற்பதற்கும் அதற்குப் பயிற்சி உண்டு. கார் போனதும் அவர் மறுபடி சொன்னார், நடந்தார்கள். வாலைப் பார்த்தேன், சந்தோஷமான வால்தான். எட்டு மணிநேரம் பூட்டிய கேட்டுக்குள் குரைத்துக்கொண்டே கிடக்கும் எங்கள் தெருவின் வீட்டு நாய்களை நினைத்துக்கொண்டேன்.

நாயிடம் சம்மதம் கேட்டீர்களா என்று விலங்கு ஆர்வலர்கள் வருவார்கள். எல்லா நாயும் தேறுவதில்லை. பயப்படுகிற, மனமில்லாத நாயை யாரும் பூட்டி இழுப்பதில்லை, அது வேறு பணிக்கோ ஒரு வீட்டுக்கோ போய்விடும். இத்தனை ஏழைகள் இருக்கும் நாட்டில் நாய்க்கு இவ்வளவா என்பவர்களுக்கு: இது நாய்க்கு அல்ல, மனிதருக்கு.

கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் குன்றுப் பக்கம் குட்டியோடு நடக்க நடைபாதையே இல்லை. மதிலுக்கு வெளியே இருக்கும் பொது இடத்தில் வீட்டுக்காரர்கள் கற்றாழையும் கூர்ங்கல்லும் நட்டு வைத்திருக்கிறார்கள், நடக்கிறவர் தார்ரோட்டில் இறங்க வேண்டியதுதான். சரிவில் புதிதாக எழும்பிய ஒரு வளாகம் சாலை ஓரம் வரைக்கும் மின்வேலி மதிலைக் கொண்டுவந்துவிட்டது. குன்றுச் சரிவில் கட்டுவதற்கு எங்கள் கவுதெங் மாகாணம் 2001இலேயே விதிமுறை எழுதியது. காகிதத்தில் அழகாக இருக்கிறது. வீடு கட்டக் கூடாது என்று சொல்லவில்லை, நாங்களும் அந்தச் சரிவில் வாங்கியவர்கள்தான். வரிக்குதிரை மேயும் காப்புக்காடு பக்கத்திலேயே இருக்கிறது, அதுவும் இருக்கட்டும், ஜனமும் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே ஒருவர் கைக்கோலோடோ நாயோடோ நடக்க ஒரு மீட்டர் அகலம் விட்டால் என்ன குறைந்துவிடும்? வேலைக்கார அம்மாக்களும் பள்ளிப் பிள்ளைகளும் அதே ரோட்டில்தான் நடக்கிறார்கள். எங்கள் பகுதிக் கூட்டத்தில் கேட்டால் "பாதுகாப்பு" என்கிறார்கள். யாருக்கு?

சரி, குட்டி எடுப்பதாக இருந்தால்: பகல் முழுக்க அதைத் தனியே விட முடியாது, வீட்டில் ஒருவர் வேண்டும். பிள்ளைகளிடம் குட்டி வருமுன்பே, இது நம்முடையது அல்ல, இன்ன மாதம் வாக்கில் போய்விடும் என்று சொல்லுங்கள். எங்கள் மகன் காலண்டரில் அவனே குறித்து வைத்துக்கொண்டான். கொடுக்கும் நாளில் அவனையும் கூட்டிப் போனோம், கயிற்றைப் பயிற்சியாளர் கையில் கொடுத்தது அவன்தான்.