தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொன்னது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

அம்மாவுக்கு 58 வயது. நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கை இன்னும் தூக்க வரவில்லை. திருவனந்தபுரத்தில் கண்ணில் வி.ஆர். கண்ணாடியும் (கணினி உருவாக்கும் கற்பனை உலகைக் காட்டுவது) தலையில் ஒயர் தொப்பியும் மாட்டிப் பயிற்சி கொடுக்கப் போகிறார்களாம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வரச் சொல்கிறார்கள். அம்மாவோ எண்ணெய் வைக்காமல் வாசலைத் தாண்டாதவர். ஷாக் அடிக்குமோ என்ற பயம் வேறு.
– வாசகி, செங்கோட்டை

ஷாக் அடிக்காது. அந்த ஒயர் தொப்பிக்கு இஇஜி தொப்பி என்று பெயர்; அது மூளைக்குள் கரண்ட் அனுப்புவதில்லை. மூளையில் எழும் மின்னழுத்தத்தை மண்டைத் தோலின் மேலிருந்து ஒட்டுக் கேட்கிறது, அவ்வளவுதான். அதன் அளவு 10 முதல் 100 மைக்ரோவோல்ட். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பேட்டரி 1.5 வோல்ட் என்றால், 15 மைக்ரோவோல்ட் அதில் லட்சத்தில் ஒரு பங்கு.

இத்தனை மெல்லிய சங்கதிக்கு நடுவே தேங்காய் எண்ணெய் வந்தால் காரியம் கெட்டது. எலக்ட்ரோடுக்கும் (தொப்பியில் மின்னழுத்தத்தை வாங்கும் முனை) தோலுக்கும் இடையே வைக்கும் ஜெல் உப்பும் தண்ணீரும் சேர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கின் மேல் ஒட்டாமல் வழுக்கிவிடும். ஆகவே முந்தின நாளே எண்ணெயை நிறுத்துங்கள். காலையில் ஷாம்பூ இரண்டு முறை, கண்டிஷனர் வேண்டாம். சீயக்காய்த் தூள் மண்டையில் தங்கும் என்பதால் அன்றைக்கு மட்டும் அதற்கும் விடுப்பு. முடி நன்றாகக் காய வேண்டும். ஈர முடியில் ஜெல் பரவி, பக்கத்துப் பக்கத்து எலக்ட்ரோடுகளைச் சேர்த்துவிடும்.

கொண்டை போட்டால் கண்ணாடியின் பின்பட்டை உட்காராது. தாழ்வாக ஒரு தளர்ந்த சடை போதும். ஹேர்பின், பூ, காது மாட்டல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். காதுக்குப் பின் எலும்பில் ஒரு எலக்ட்ரோடு ஒட்டுவார்கள். முடிந்ததும் வெந்நீரில் அலசினால் ஜெல் போய்விடும். அன்று மாலையே எண்ணெய் வைக்கலாம் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பாதிக் கோபம் தணியும்.

இதைவிட முக்கியம்: முன்பு வலிப்பு வந்திருந்தாலோ, மண்டை ஓட்டில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ, பேஸ்மேக்கர் இருந்தாலோ அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பதிவுக்காக என்று எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

பிசியோதெரபிஸ்ட் நான். எங்கள் சென்டரில் 16 சேனல் (பதிவுத் தடம்) இஇஜி கருவியும் ஒரு வி.ஆர். ஹெட்செட்டும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து மாட்டினால் பதிவு குப்பையாக வருகிறது. கை அசைவுக்கான மூளை அலையை ஒழுங்காக எடுக்க என்ன வரிசையில் செய்ய வேண்டும்?
– களியக்காவிளை

முதலில் டேப். மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை அளந்து பாதியைக் குறியுங்கள். காதுக்கு முன்னுள்ள பள்ளத்திலிருந்து மறு காதுக்கு முன் வரை அளந்து அதிலும் பாதி. இரண்டும் வெட்டும் இடம் சிஇசட். காதுக்குக் காது 36 செ.மீ. வந்தால் அதில் 20 சதவீதம், அதாவது 7.2 செ.மீ., இடப்பக்கம் தள்ளினால் சி3, வலப்பக்கம் சி4. 1958இல் ஜாஸ்பர் வெளியிட்ட 10–20 முறை இது. தொப்பியில் எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். ஹெட்செட்டை இழுத்து மாட்டும்போது தொப்பி ஒரு செ.மீ. பின்னால் நகர்ந்துவிடுவது சர்வசாதாரணம். மாட்டி முடித்ததும் சிஇசட்டை மறுபடி அளங்கள்.

வலது கைக்குச் சி3, இடது கைக்குச் சி4 முக்கியம். இரண்டின் முன்னும் பின்னும் உள்ள எஃப்சி3, சிபி3, எஃப்சி4, சிபி4, நடுவில் சிஇசட், எல்லாம் சேர்ந்து ஏழு சேனல் கை வேலைக்குப் போதும். மீதியில் ஒன்றைக் கண் சிமிட்டலுக்கும், இரண்டைப் பின்மண்டைக்கும் வையுங்கள். முன்கைத் தசைக்கு இஎம்ஜி (தசையின் மின்பதிவு) இரண்டு கையிலும் வேண்டும். நோயாளி ‘வலது கையை மடக்குகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே நல்ல கையை இறுக்குவது அடிக்கடி நடக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது, இஎம்ஜியில் தெரியும்.

ஜெல் எலக்ட்ரோடானால் ஒவ்வொன்றிலும் மின்தடையை 5 கிலோஓம் அல்லது அதற்குக் கீழே கொண்டுவாருங்கள். இறங்கவில்லை என்றால் ஜெல்லைக் கூட்டாதீர்கள், முடியை விலக்குங்கள். ஜெல் அதிகமாகி இரண்டு இடம் பாலமாகிவிட்டால் சி3யும் சிபி3யும் அச்சு எடுத்தாற்போல ஒரே அலையைக் காட்டும். ஓம் கணக்கோ பிரமாதமாக இருக்கும். அந்த நல்ல எண்ணைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறைய.

பிறகு ஹெட்செட். அரை கிலோ எடை முன்பக்கம் தொங்கும். துணிப்பட்டை உச்சந்தலையைக் கடந்து சிஇசட் மேலேயே உட்காரும். தலை திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த எலக்ட்ரோடு ஆடி, மெதுவான பெரிய அலை எழும். நெற்றியிலும் பின்மண்டையிலும் தாங்கும் கடின வளையம் உள்ள மாடலானால் நடுமண்டை விடுபடும். கண்ணாடி மாட்டியபின் ஓம் இன்னொரு முறை பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டினால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் நன்றாகக் குறையும். ஃபேன் போட்டு வையுங்கள். வியர்த்தால் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடிக்கோடு மலையேறி இறங்கும்.

இனி வி.ஆர். விளையாட்டு. ஓய்வில் சி3, சி4 பக்கம் 8 முதல் 13 ஹெர்ட்ஸில் மியூ அலை இருக்கும்; கையை அசைக்கும்போது, அசைக்க முயலும்போதும், அது அமுங்கும். பீட்டா அலையும் (13–30 ஹெர்ட்ஸ்) அப்படியே. ஓய்வில் அலையின் திறன் 8 என்றும் முயற்சியில் 5 என்றும் வந்தால், 5இலிருந்து 8ஐக் கழித்து 8ஆல் வகுத்து 100ஆல் பெருக்குங்கள்: மைனஸ் 37.5 சதவீதம். கணக்கு எளிது. எந்த ஓய்வோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். கண்ணை மூடி ஓய்வு எடுத்துவிட்டு, கண்ணைத் திறந்து விளையாடும்போது அளந்தால், பின்மண்டையின் ஆல்ஃபா அலை கண் திறந்ததாலேயே சரிந்திருக்கும்; அதன் சாயல் சி3 வரை வரும். போதாததற்கு, கை அசைவதைப் பார்த்தாலே மியூ அமுங்கும். திரையில் கற்பனைக் கை தம்ளரை எடுக்கிறது, நோயாளி சும்மா இருக்கிறார், ஆனாலும் ‘மூளை வேலை செய்கிறது’ என்று ரிப்போர்ட் போய்விடும்.

அதனால் மூன்று வகை எடுங்கள்: கண்ணாடி மாட்டி, அதே அறைக் காட்சி, கை அசையாமல்; கற்பனைக் கை அசைய வெறுமனே பார்ப்பது; பார்த்துக்கொண்டே தானும் முயல்வது. ஒவ்வொரு சுற்றிலும் 2 விநாடி அமைதி, சைகை, 4 விநாடி முயற்சி, பிறகு 4 முதல் 7 விநாடி ஓய்வு. இந்த ஓய்வு சுற்றுக்குச் சுற்று மாறட்டும், இல்லையென்றால் அடுத்தது எப்போது என்று மூளை முன்கூட்டியே ஆயத்தமாகிவிடும். வகைக்கு 40 சுற்று, பத்துப் பத்தாக, நடுவே ஓய்வு. மூன்று வகையையும் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். 20 நிமிடத்துக்கு மேல் கண்ணாடி மாட்டினால் கழுத்து வலிக்கும், தலை சுற்றும். இரண்டு மூன்று நாளாகப் பிரிப்பதானால் முதல் வகையில் பத்துச் சுற்றாவது தினமும் எடுங்கள். தொப்பி தினமும் ஒரே இடத்தில் உட்காராது. அந்தந்த நாள் முயற்சியை அந்தந்த நாள் ஓய்வோடுதான் ஒப்பிட வேண்டும்.

சைகை எந்த மொழியில் என்றும் பாருங்கள். மென்பொருள் ‘ரீச்’, ‘ரிலீஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்ல, பாறசாலையிலிருந்து வரும் பாட்டி அரை விநாடி யோசித்துவிட்டுக் கையை எடுத்தால் அலையெல்லாம் தள்ளிப் போகும். தமிழோ மலையாளமோ அவருக்கு வருவதில் பதிந்து கொடுங்கள். பேச்சு பாதித்தவருக்குப் பச்சை விளக்கு போதும்.

திரையில் சைகை தோன்றுவதற்கும் பதிவில் குறி விழுவதற்கும் இடையில் சில பத்து மில்லிவிநாடி வித்தியாசம் இருக்கும். ஒரு போட்டோடையோடை (ஒளி உணரும் சிறு கருவி) லென்ஸில் ஒட்டி அளந்துவிடுங்கள். மாறாத தாமதத்தைக் கழித்துக்கொள்ளலாம். மியூவுக்கு 50 மில்லிவிநாடி பெரிதல்ல. அசைவுக்கு முன் எழும் மெல்லிய மின்னழுத்தத்தைத் தேடினால் அதுவே உயிர்நாடி.

ஏமாற வைக்கும் இடங்கள் இன்னும் இரண்டு. மண்டை ஓடு திறந்து ஆபரேஷன் ஆனவருக்கு அந்தப் பக்கத்து அலை எலும்புத் தடையில்லாமல் உயரமாகத் தெரியும். அது மூளை தேறியதற்கு அடையாளமல்ல. தூக்கத்துக்கோ வலிப்புக்கோ பென்சோடையசெபின் வகை மாத்திரை சாப்பிட்டால் பீட்டா கூடும். மாத்திரைச் சீட்டைப் பதிவோடு சேர்த்து வையுங்கள்.

இணையத்தில் விற்கும் நாலு எலக்ட்ரோடு நெற்றிப் பட்டையை வைத்துக் கை அசைவுக்கான மூளை அலையை எடுக்கலாமா? இன்ஜினீயரிங் ப்ராஜெக்ட்.
– மாணவர், கொழிஞ்சாம்பாறை

தியானத்துக்கென்று விற்கும் இந்த மாதிரிப் பட்டைகளில் எலக்ட்ரோடு நெற்றியிலும் காதோரத்திலும்தான் இருக்கும். கைக்கான மூளைப்பகுதி உச்சிக்கும் காதுக்கும் நடுவே. கிடைப்பது சிமிட்டலும் தாடைத் தசையும். அதை வைத்தே ப்ராஜெக்ட் செய்யுங்கள், ‘சிமிட்டலால் விளையாட்டை இயக்குவது’ என்று தலைப்பு வைத்து.

ஜெல்லே இல்லாமல் மூளையின் வேலையை ஒளியால் அளக்கிறார்களாமே, அது மேலா?
– கம்பம்

எஃப்-நிர்ஸ் என்பார்கள். 760, 850 நானோமீட்டர் போன்ற அகச்சிவப்பை அண்டிய ஒளியை விட்டு, சுமார் 3 செ.மீ. தள்ளி வாங்கி, ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏறுவதையும் இறங்குவதையும் கணக்கிடுவது. கை, கழுத்துத் தசையின் மின் இரைச்சல் இதைத் தொடாது. பயிற்சிக்கு அது பெரிய வசதி. ஆனால் ரத்தம் சோம்பேறி: முயற்சி தொடங்கி 5, 6 விநாடி கழித்துத்தான் உச்சம் வரும். அதனால் 20 விநாடி வேலை, 25 விநாடி ஓய்வு என்று நீட்டிச் செய்ய வேண்டும். நம்மூர் அடர்ந்த கருமுடி ஒளியை விழுங்கிவிடும். ஒவ்வொரு முனைக்கும் பஞ்சுக் குச்சியால் முடியை விலக்க அரை மணி போகும். தலைத்தோல் ரத்த ஓட்டமும் சேர்ந்து வரும் என்பதால், 8 மி.மீ. தூரத்தில் ஒரு குறுகிய சேனல் வைத்து அதைக் கழிக்க வேண்டும். சில ஹெட்செட்டின் கைப்பிடிகளில் அகச்சிவப்பு எல்இடி உண்டு. தொப்பிக்கு மேல் கருப்புத் துணி போடாவிட்டால் அந்த ஒளியும் உள்ளே நுழையலாம்.

அப்பாவின் ரிப்போர்ட்டில் மூளைப் படம் முன்பைவிடச் சிவப்பாக இருக்கிறது. கை தேறுகிறது என்று அர்த்தமா?
– புளியரை

அர்த்தம் கிடையாது. சிவப்பு எங்கே தொடங்க வேண்டும் என்பது மென்பொருளில் ஒருவர் தேர்ந்தெடுத்த எல்லை. இரண்டு படத்துக்கும் ஒரே அளவுகோலா என்று பக்கத்திலுள்ள எண்பட்டையைப் பாருங்கள். பாதிக்காத பக்கம் சிவந்திருந்தால், அந்தப் பக்கம் கூடுதலாக உழைக்கிறது என்றும் இருக்கலாம்.

கையைக் கேளுங்கள். பக்கவாதத்துக்குப் பின் கை அசைவுக்கு மதிப்பெண் போடும் ஃபியூகல்-மேயர் கைச் சோதனையில் 66க்கு எத்தனை? ஒரு நிமிடத்தில் எத்தனை மரக்கட்டையைத் தடுப்புக்கு மறுபக்கம் போடுகிறார்? இந்த இரண்டு எண்ணையும் முதல் நாளும் நாலாவது வாரமும் எழுதி வாங்குங்கள். வி.ஆர். பயிற்சி சம நேரத்து வழக்கமான பயிற்சியைவிடக் கைக்கு மேலானதென்று 2017 காக்ரேன் தொகுப்பாய்வு (பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து மதிப்பிடுவது) காணவில்லை. வழக்கமான பயிற்சியோடு கூடுதலாகச் சேர்த்தபோது பலன் தெரிந்தது. எனவே தொப்பி மாட்டும் 40 நிமிடத்தைப் பயிற்சி நேரத்தில் கழிக்கிறார்களா, தனியாகத் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.