மூக்கு குத்திய இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் பூசலாமா?

வேண்டாம், தங்கச்சி. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்க ரப்பர் தோட்டங்களில் பாட்டிமார் மஞ்சளைக் குழைத்துப் பூசுவது எனக்கும் தெரியும்; ஆனால் எண்ணெய் துளையை அடைத்து அழுக்கைப் பிடித்து வைக்கும். ஸ்பிரிட், டெட்டால் புதுத் தோலை எரித்து ஆறவிடாமல் இழுக்கும்.

பார்மசியில் 0.9 சதவீத உப்புக் கரைசல் (சலைன்) கேளுங்கள். காலை, மாலை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, அதைத் தெளித்து, சுத்தமான டிஷ்யூ தாளால் ஒற்றுங்கள். பஞ்சு வேண்டாம், நூல் மூக்குத்தியில் சிக்கும். ரப்பர் மரத்தில் பால்வெட்டிவிட்டு வந்த கையோடு தொடவே கூடாது.

மூக்குத்தியைத் திருகாதீர்கள். "திருகாவிட்டால் ஒட்டிக்கொள்ளும்" என்று நகைக்கடையில் சொல்வார்கள். திருகினால் ஆறும் புண்தான் மறுபடி கிழியும்.

வெள்ளையாகக் காய்ந்து ஒட்டுவது நிணநீர் (ஆறும் புண்ணில் கசியும் நீர்), பயமில்லை. காதின் மென்மையான கீழ்மடல் 6 முதல் 8 வாரத்தில் ஆறும்; மூக்குக்குப் பல மாதம் பிடிக்கும். அதுவரை ஆற்றுக்குளியல் வேண்டாம். விடாமல் அரித்தால் கவரிங்கில் இருக்கும் நிக்கல் காரணமாக இருக்கலாம்.

சிவப்பு பரவி, சூடாகி, சீழோ காய்ச்சலோ வந்தால் அரசாங்க கிளினிக் போங்கள். மூக்குத்தியை நீங்களாகக் கழற்றாதீர்கள். துளை மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும்.