யூட்டில்.ஹெச்சுக்கு இன்ஷியல் உண்டா?

கேள்வி: ‘சொல்வெட்டு’ என்று ஒரு சிறிய சி லைப்ரரி எழுதியிருக்கிறேன். திறமூலமாக வெளியிடப் போகிறேன். யூட்டில்.ஹெச், லிஸ்ட்.ஹெச், டோக்கன்.ஹெச் என்ற மூன்று ஹெடர்களையும் (மற்ற ஃபைல்கள் இன்க்ளூட் செய்துகொள்ளும் அறிவிப்பு ஃபைல்கள்) நேராக /யூஎஸ்ஆர்/இன்க்ளூட் ஃபோல்டரில் போட்டுவிடலாமா? ஜிலிப் என்ற பொதுப்பயன் சி லைப்ரரிக்கு மட்டும் ஏன் இரண்டு இடத்தில் ஹெடர்கள்?
– கல்லூரி மாணவி

பதில்: போடாதீர்கள். யூட்டில்.ஹெச் வைத்திருக்காத சி புரோகிராமரை நான் இன்னும் பார்க்கவில்லை. என்னிடமே மூன்று இருக்கின்றன. வகுப்பில் நாலு முருகன் இருந்தால் வாத்தியார் இன்ஷியலோடுதானே கூப்பிடுவார்? இங்கே இன்ஷியல் என்பது ஃபோல்டர் பெயர்.

உங்கள் சோர்ஸிலேயே ‘இன்க்ளூட்’ ஃபோல்டருக்குள் ‘சொல்வெட்டு’ என்று ஒன்று திறந்து, டோக்கன்.ஹெச்சை அதில் வையுங்கள். கம்பைலருக்கு மைனஸ் ஐ (ஹெடர்களை எங்கே தேடுவது என்று சொல்லும் ஆப்ஷன்) கொடுக்கும்போது இன்க்ளூட் வரைக்கும் காட்டினால் போதும். நீங்களும் சரி, பயன்படுத்துகிறவரும் சரி, இன்க்ளூட் வரியில் ‘சொல்வெட்டு/டோக்கன்.ஹெச்’ என்றே எழுதுவீர்கள். இன்ஸ்டால் ஆன பிறகும் அந்த வரி மாறாது. இன்ஸ்டால் செய்யும் இடம் /யூஎஸ்ஆர்/லோக்கல்/இன்க்ளூட்டாக இருக்கட்டும். லோக்கல் இல்லாத இடம், லினக்ஸைத் தொகுத்துத் தரும் டிஸ்ட்ரோக்காரர்களுடையது.

யூட்டிலும் லிஸ்ட்டும் அடுக்களைச் சாமான்கள், வாசலுக்கு வர வேண்டாம். சி ஃபைல்களுக்குப் பக்கத்திலேயே கிடக்கட்டும். இரட்டை மேற்கோளில் பெயரைக் கொடுத்தால் ஜிசிசி கம்பைலர் முதலில் அந்த இன்க்ளூட் வரி உள்ள ஃபைல் இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். கோணக் குறிக்குள் கொடுத்தால், மைனஸ் ஐ-யில் சொல்லாத வரை அங்கே எட்டிக்கூடப் பார்க்காது.

ஜிலிப்புக்கு வருவோம். அதன் ஹெடர்கள் ‘ஜிலிப்-2.0’ என்ற ஃபோல்டரில் இருக்கும். பெயரிலேயே எண் இருப்பதால் ஒன்றுக்கொன்று ஒத்துவராத பதிப்புகள் ஒரே மெஷினில் சண்டையில்லாமல் இருக்கலாம். ஜன்னல், பட்டன் வரையும் லைப்ரரியான ஜிடிகேயின் 2, 3 இரண்டும் அப்படித்தான் பல வருடம் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. இன்னொரு இடத்தில் இருப்பது ஜிலிப்கான்ஃபிக்.ஹெச். பாயிண்டர் 4 பைட்டா 8 பைட்டா என்பது போன்ற மெஷினைச் சார்ந்த விவரங்களை வைத்து, பில்ட் செய்யும்போது உருவாகும் ஹெடர் அது. அதனால்தான் மெஷினுக்கேற்ப மாறுகிற சாமான்கள் இருக்கும் லிப் ஃபோல்டர் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. இரண்டு பாதையையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவியைக் கேட்டால் சேர்த்தே சொல்லும். அது படிப்பதற்காக உங்கள் லைப்ரரிக்கும் ஒரு .பிசி ஃபைல் எழுதிவிடுங்கள்.

அப்புறம், சோம்பலில் மைனஸ் ஐ-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து மேல் ஃபோல்டரையே காட்டிவிடாதீர்கள். நான் காட்டினேன். என் சி++ லைப்ரரியின் மேல் ஃபோல்டரில் கேப்பிடல் எழுத்தில் ‘வெர்ஷன்’ என்று ஒரு ஃபைல், உள்ளே 1.4.2 என்று ஒரே வரி. லினக்ஸில் ஒரு குறையும் இல்லை. மேக்கில் கம்பைல் செய்த நண்பருக்குத் திரை முழுக்க எர்ரர். சி++20-இல் ஸ்மால் எழுத்தில் ‘வெர்ஷன்’ என்றே ஒரு ஹெடர் வந்திருக்கிறது. மேக்கின் ஃபைல் சிஸ்டமோ சாதாரணமாகக் கேப்பிடல், ஸ்மால் வித்தியாசம் பார்ப்பதில்லை. மைனஸ் ஐ காட்டிய இடத்தை முதலில் தேடிய கம்பைலர் என் 1.4.2-ஐ ஸ்டாண்டர்டு ஹெடர் என்று நம்பி வாசித்திருக்கிறது! இரண்டு ராத்திரி அவருடைய மேக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.