கார்புரேட்டர் டியூனிங்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணா, என் வண்டி கார்புரேட்டரில் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. எதைத் திருகினால் மைலேஜ் கூடும்?

பதில்: இரண்டையும் திருகிப் பெரிதாக மைலேஜ் வராது. ஐட்லிங் ஸ்க்ரூ வண்டி நின்றபடி ஓடும் வேகத்தைக் கூட்டும், குறைக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூ. அதன் வேலை ஐட்லிங்கில் தொடங்கி ஆக்சிலரேட்டரைக் கால்வாசி முறுக்கும் வரைதான். அதற்கு மேல் பெட்ரோல் அளவைப் பார்ப்பது நீடில் என்ற ஊசி, முழுசாக முறுக்கினால் மெயின் ஜெட் என்ற பெட்ரோல் துளை. மைலேஜ் விழுந்திருந்தால் முதலில் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மிக்சர் ஸ்க்ரூவை நாமே வைக்க முடியுமா? மெக்கானிக் காதால் கேட்டே வைக்கிறார்.

பதில்: நீங்களும் காதால்தான் வைக்கப்போகிறீர்கள். ஒரு பத்து நிமிஷம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடேற்றுங்கள், குளிர்ந்த இன்ஜினில் வைத்த டியூனிங் சூடானதும் மாறிவிடும். அப்புறம் வண்டியை ஆஃப் செய்துவிட்டு, ஸ்க்ரூவை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணிக்கொண்டே உள்ளே முழுக்க மூடுங்கள், அந்த எண்ணை எழுதி வையுங்கள், குழப்பமானால் திரும்பிப் போக அதுதான் வழி. முட்டியதும் நிறுத்திவிட வேண்டும். நுனி ஊசி மாதிரி இருக்கும், இறுக்கினால் அது உட்காரும் துளையே கெட்டுவிடும். பிறகு இரண்டு சுற்று வெளியே எடுங்கள், பெரும்பாலான வண்டிகள் ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் நடுவில்தான் நிற்கும்.

இப்போது ஸ்டார்ட் செய்து, ஐட்லிங்கைக் கொஞ்சம் தூக்கி வைத்து, மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பிச் சில நொடி பொறுத்துக் கேளுங்கள். ஒரு இடத்தில் சத்தம் ஏறி, பிசிறில்லாமல் ஓடும். அதைத் தாண்டினால் மறுபடி தொய்யும். ஏறிய இடத்திலேயே விட்டுவிட்டு ஐட்லிங்கை இறக்குங்கள், நிறைய சின்ன வண்டிகளுக்கு 1200 முதல் 1400 ஆர்பிஎம், உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று மேனுவலில் இருக்கும். எங்கே திருப்பினாலும் சத்தம் மாறவே இல்லையென்றால், ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டில் அடைப்பு என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: வெளியே திருகினால் பெட்ரோல் கூடுமா, குறையுமா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், வண்டிதான் வேறு! ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது, வெளியே எடுத்தால் காற்று கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் கலவையை அளப்பது, வெளியே எடுத்தால் பெட்ரோல் கூடும்.

கேள்வி: பிளக் கருப்பாகக் கரி படிந்திருக்கிறது. டியூனிங் செய்தால் போதுமா?

பதில்: பெட்ரோல் அதிகமாகப் போகிறது. ஆனால் சோக் முழுசாகத் திரும்புகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். பிளக் நுனி இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் காற்று அதிகம், இன்ஜின் சூடாகும், கரியைவிட இதற்குத்தான் பயப்பட வேண்டும்.

கேள்வி: ஆக்சிலரேட்டரை விட்டாலும் ரேஸ் உடனே இறங்குவதில்லை.

பதில்: ஹேண்டிலை இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள், ரேஸ் மாறினால் கேபிள்தான் இழுக்கிறது. மாறாவிட்டால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வெடித்திருக்கலாம். வெடித்திருந்தால், ஐட்லிங்கில் ஓடும்போது அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் சத்தம் மாறும். ஏர் லீக் இருக்கும்வரை எந்த டியூனிங்கும் நிற்காது.

கேள்வி: வண்டி நிற்கும்போது ட்யூபில் பெட்ரோல் சொட்டுகிறது.

பதில்: கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிரம்பியதும் வரத்தை அடைக்கும் ஃப்ளோட் வால்வில் தூசி, அல்லது தேய்மானம். பெட்ரோல் டேப்பை மூடி வையுங்கள். பெட்ரோல் இன்ஜின் ஆயிலிலும் இறங்கியிருக்கலாம், ஆயில் கேஜை எடுத்து முகர்ந்தும் பாருங்கள், பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

கேள்வி: ஜெட் அடைப்பைக் கம்பியால் குத்தி எடுக்கலாமா?

பதில்: கூடாது. பித்தளை, துளை பெரிதாகிவிடும். கிளீனர் அடித்துக் காற்று ஊதினால் போதும்.

கேள்வி: மலைமேல் ஏறினால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, கீழே நன்றாக ஓடுகிறது.

பதில்: மேலே காற்று மெலிதாகிவிடும், பெட்ரோல் பழைய அளவிலேயே போகும். ஒரு நாள் பயணம் என்றால் அப்படியே ஓட்டிவிட்டு வாருங்கள். அங்கேயே பல நாள் தங்குவதாக இருந்தால், நீடில் தலைப்பக்கம் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு காடி (வெட்டு) மேலே மாட்டினால் நீடில் இறங்கிப் பெட்ரோல் குறையும். கீழே வந்ததும் மறக்காமல் பழைய காடிக்கே மாற்றிவிடுங்கள்.