அப்பாவின் பழைய பஜாஜ் சேட்டக்கை வீட்டிலேயே புதுப்பித்து, பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ள முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் முதல் வேலையாகப் பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள்.

நீங்கள் கேட்டிருப்பதைப் பார்த்தால் வண்டி பல வருடமாக மாடிப்படிக்கு அடியில் நின்றிருக்கும். கிக்கர் இறங்காது, இறங்கினாலும் வண்டி பிடிக்காது. ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில் இருக்கும். 1972-இல் வந்த டூ ஸ்ட்ரோக் மாடல் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இத்தாலிய வெஸ்பா ஸ்கூட்டர் வழியில் வந்த உடம்பு அது, தாங்குவதற்குத் தனி சேஸிஸ் (சட்டகம்) கிடையாது. கால் வைக்கிற தகடும் அதன் நடுவே மேடாக ஓடும் குழலும்தான் வண்டியின் முதுகெலும்பு. அதனால் முதலில் பார்க்க வேண்டியது தரைத் தகட்டைத்தான்.

மிதியடியையும் அலுமினியப் பட்டைகளையும் கழற்றிவிட்டு, வண்டியைப் பழைய டயர் மேல் பக்கவாட்டில் சாய்த்து, அடியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பிரேக் பெடல் நுழையும் துளையைச் சுற்றி, ஸ்டாண்டு மாட்டும் இடம், அடியில் குறுக்கே ஓடும் சேனல் ஆகிய மூன்று இடங்களில் தண்ணீர் தேங்கும். டிரைவர் உள்ளே போனால் தகடு மாற்றியே ஆக வேண்டும். பட்டியோ ஃபைபரோ பூசி மூடினால் அடியில் துரு வளர்ந்துகொண்டேதான் இருக்கும், இரண்டே மழைக்காலத்தில் மேலே கொப்புளமாக எழும்.

வெட்டுவதற்கு முன் டேங்க், கார்புரேட்டர், ஒயரிங் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். காலி டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் ஆவிக்கு ஒரு வெல்டிங் பொறி போதும். ஹேண்டில் தண்டுப் பக்கத்திலிருந்து சீட் பக்கம் வரை ஒரு இரும்புக் குழாயைத் தற்காலிகமாக வெல்டு வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் தரையை அறுத்தால் உடம்பு தொய்ந்து, புதுத் தகடு உட்காராது. பழைய ஸ்பாட் வெல்டு புள்ளிகளை டிரில் போட்டுப் பிரித்து, 18 கேஜ் தகட்டில் 6 மி.மீ. துளைகள் இட்டு, சி.ஓ.2 வெல்டிங்கில் அந்தத் துளைகளை நிரப்ப வேண்டும். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு நெளியும். வெல்டிங் பழகாதவர் இந்த ஒரு வேலையை மட்டும் நல்ல டிங்கரிடம் கொடுக்கலாம். "அப்புறம் எப்படி வீட்டிலேயே செய்ததாகும்" என்று இங்கே யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், முதுகெலும்பில் ஒத்திகை பார்க்கக் கூடாது.

அடுத்தது என்ஜின். நின்று கெட்ட வண்டியில் பெரும்பாலும் முதலில் போவது கிராங்க்கின் (பிஸ்டன் சுழற்றும் தண்டின்) இரண்டு ஆயில் சீல்கள். ரப்பர் காய்ந்து விறைத்துவிடும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சும், வெள்ளைப் புகை அடங்காது. கீழே இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றி ஆயிலை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தாலும் சந்தேகம் அந்தச் சீல் மேல்தான். மறுபக்கத்தில், மின்சாரம் தரும் மேக்னெட் சக்கரப் பக்கச் சீல் போனால் காற்று உள்ளே இழுக்கும். அப்போது ஆக்ஸிலேட்டரை விட்டாலும் வண்டி இரைந்துகொண்டே இருக்கும், கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் தீராது. அதே நிலையில் ஓட்டினால் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிக்கொள்ளும்.

என்ஜின் கேஸை (வெளிக்கூட்டை) பிரித்ததும் கார்புரேட்டர் உட்காரும் துளைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். இந்த என்ஜினில் பெட்ரோல் வரும் வழியைத் திறந்து மூடுவதே கிராங்க்கின் வட்டத் தகடுதான். அது உரசி ஓடும் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும். நகம் தட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அங்கே காற்றுப் புகாத இறுக்கம் கிடைக்காது, என்ஜின் கேஸையே மாற்ற வேண்டி வரும். ஒரு சின்ன வாஷர் அந்தத் துளைக்குள் விழுந்ததைக் கவனிக்காமல் கிக் அடித்தால் நடப்பது இதுதான். கார்புரேட்டரைக் கழற்றியதும் துளையில் துணியைத் திணித்துவிடுங்கள்.

இரண்டாவது கியர் துள்ளி நியூட்ரலுக்கு வருகிறதா? முதலில் கேபிள் இழுப்பைச் சரிசெய்யுங்கள். தீராவிட்டால் கியரைப் பிடித்து நிறுத்தும் கியர் கிராஸ் என்ற நான்கு கை கொண்ட சிலுவைத் துண்டு தேய்ந்திருக்கும். கைகளின் முனை மழுங்கியிருந்தால் மாற்றுங்கள், அரம் போட்டு ஒப்பேற்ற முடியாது. ஸ்பார்க்கைத் தூண்டும் பாயிண்ட்டின் இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ., பிளக் 0.6 மி.மீ. கேபிள் மாற்றும்போது பழையதை அப்படியே உருவி எறியாதீர்கள். அதன் முனையில் மெல்லிய கம்பியைக் கட்டி உருவினால், அதே கம்பியைப் பிடித்துப் புதியதை ஹேண்டில் வரை இழுத்துவிடலாம்.

வண்டியைச் சாய்த்துத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று நம்பும் தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சாய்த்தால் கலவை கொஞ்சம் செறிவாகிப் பிடிக்கும், அவ்வளவுதான். கார்புரேட்டரின் பைலட் ஜெட் என்ற சின்னத் துளையில் அடைப்பு, சோக் கேபிள் முழுதாக இழுக்காதது, பலவீனமான ஸ்பார்க் இவற்றைச் சரிசெய்தால் நேராக நிற்கும்போதே பிடிக்கும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு ஆதங்கம். டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்குப் பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மி.லி., இதுதான் கணக்கு. அந்தக் காலத்து பங்க்கில் ஆயிலுக்கென்றே கைப்பம்பு நிற்கும், அளந்து ஊற்றுவார்கள். இன்று கேட்டால் பங்க் பையன் விழிக்கிறான். போதாததற்கு 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கெடுக்கிறது, ஈரத்தையும் இழுத்துக்கொண்டு டேங்க்கின் அடியில் சேர்க்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவனுக்கு எத்தனால் இல்லாத பெட்ரோல் சாதாரண விலையில் கிடைக்க ஒரு வழி வைத்திருக்கலாம். குழாய், பெட்ரோல் டேப் வாஷர், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை நிறுத்தும் மிதவை ஊசி மூன்றையும் எத்தனால் தாங்கும் ரகத்தில் போடுங்கள்.

இனி பெயிண்ட். மெல்லிய தகட்டில் மணல் பிளாஸ்டிங் அடித்தால் நெளியும், ஸ்ட்ரிப்பர் போட்டு உரியுங்கள். எபாக்ஸி பிரைமர், 2 மி.மீ.க்கு மேல் போகாத பட்டி, மறுபடி பிரைமர், 400, 800 எமரியில் தண்ணீர் தேய்ப்பு, பிறகு பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட். உடம்பில் சேஸிஸ் எண் குத்திய இடத்தில் பட்டி படவே கூடாது.

மாற்றங்களில் 12 வோல்ட் எலக்ட்ரானிக் இக்னிஷன் பயனுள்ளது. ஸ்டேட்டர் (காயில் தட்டு), மேக்னெட், சி.டி.ஐ. (ஸ்பார்க்கைத் தூண்டும் மின்னணுப் பெட்டி) மூன்றையும் ஒரே செட்டாக, உங்கள் கிராங்க்கின் கூம்பு அளவுக்குப் பொருத்தமாக வாங்குங்கள். பெரிய சிலிண்டர் கிட் வேண்டாம், சூடு தாங்காது. நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். வண்டி 50 வருடம் தாண்டியிருந்தால் 2021-இல் வந்த விதிப்படி விண்டேஜ் பதிவு கேட்கலாம், ஆனால் உடம்பையும் என்ஜினையும் பெரிதாக மாற்றிய வண்டிக்கு அது கிடைக்காது. அந்தப் பதிவு வேண்டுமா என்பதை, எதையும் வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

வண்டி ஓட ஆரம்பித்ததும் முதல் 500 கி.மீ. ஆயிலை 30 மி.லி. ஆக்கி, 40-க்கு மேல் விரட்டாமல் ஓட்டுங்கள். பிளக் முனை செம்பழுப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் உடனே நிறுத்தி எங்கே காற்று இழுக்கிறது என்று பாருங்கள். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். மிதவை ஊசி கசிந்தால் இரவோடு இரவாகப் பெட்ரோல் கிராங்க் அறைக்குள் இறங்கி நிற்கும், காலையில் கிக்கர் கல்லாக இருக்கும்.