உச்சிக்கிளை ஆப்பிள்

அன்புள்ள ஐயா,

கொலம்பியா விண்கல விபத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது, அதில் இருந்த விண்வெளி வீராங்கனை லாரல் கிளார்க் தன்னுடன் எடுத்துச் சென்ற ஒரு சிடி இடிபாடுகளுக்கு நடுவே கிடைத்தது என்ற செய்தியைப் பார்த்தேன். ஸ்காட்லாந்தின் ரன்ரிக் குழுவுடைய 'தி ஸ்டாம்பிங் கிரவுண்ட்'. அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. 'ஹார்ட்லேண்ட்', 'தி கட்டர் அண்ட் தி கிளான்', 'தி பிக் வீல்' மூன்றும் மனப்பாடம். 'டான்ஸ் கால்டு அமெரிக்கா'வைப் போட்டுக்கொண்டுதான் தினமும் ஜிம்மில் ஓடுகிறேன். டானி மன்ரோ, புரூஸ் கத்ரோ இருவரில் யார் சிறந்த பாடகர்? அடுத்து எந்த ஆல்பம் கேட்கலாம்? முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவு சுமாராக இருந்ததால் விட்டுவிட்டேன். புரியாத மொழிப் பாடல்கள் வந்தால் தாண்டிவிடுவேன். இசைக்கு மொழி ஏது, இல்லையா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்த வாரம் நானும் ரன்ரிக்கைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். வேறொரு கடிதம் அதற்குக் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விபத்துச் செய்தியிலிருந்து ஒரு சிடியின் பெயரைப் பிடித்து, அந்தக் குழுவின் நாற்பதாண்டுப் பாட்டுக்குள் போய்விட்டீர்களே, அது எனக்குப் பெரிய சந்தோஷம். லாரல் கிளார்க் கடற்படை மருத்துவராக ஸ்காட்லாந்தின் ஹோலி லாக்கில் வேலை பார்த்தவர். ரன்ரிக் பிரியரானவர். 2003 பிப்ரவரி 1 அன்று நம் கல்பனா சாவ்லாவோடு சேர்ந்து அவரும் போனார். கிடைத்த சிடியை அவருடைய குடும்பத்தார் குழுவிடமே கொடுத்தார்கள். 2016இல் வந்த கடைசி ஸ்டுடியோ ஆல்பமான 'தி ஸ்டோரி'யில் 'சம்வேர்' என்ற பாட்டு அவருக்கானது. அதைக் கேட்டுவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

மன்ரோவா கத்ரோவா என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. இருவரும் நல்ல பாடகர்கள், அவ்வளவுதான்.

ஜிம்முக்கு வருகிறேன். 'டான்ஸ் கால்டு அமெரிக்கா' எதைப் பற்றிய பாட்டு என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா? 1773இல் எழுத்தாளர் ஜேம்ஸ் பாஸ்வெல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போயிருந்தபோது ஒரு நடனத்தைப் பார்த்தார். முதலில் ஒரு ஜோடி ஆடத் தொடங்கும், அது அடுத்த ஜோடியை இழுக்கும், அது இன்னொன்றை இழுக்கும், கடைசியில் கூடத்தில் இருக்கும் அத்தனை பேரும் சுழன்றுகொண்டிருப்பார்கள். அந்த நடனத்துக்கு ஊரார் வைத்திருந்த பெயர் அமெரிக்கா. குத்தகை ஏறிப்போய், ஒரு குடும்பம் கப்பலேற, அதைப் பார்த்து அடுத்த குடும்பம் கப்பலேற, ஊரே காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் வந்த தலைமுறைகளை நிலக்கிழார்கள் ஆட்டு மந்தைக்கு இடம் வேண்டுமென்று வீட்டைவிட்டே துரத்தினார்கள். மக்கள் தங்கள் பிரிவையே ஆடிப் பார்த்த நடனம் ஐயா அது. அதற்கு நீங்கள் டிரெட்மில்லில் ஓடுகிறீர்கள். ஓடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தெரிந்துகொண்டு ஓடுங்கள்.

அந்தக் கப்பல்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று கனடாவின் கேப் பிரெட்டன். மன்ரோ அரசியலுக்குப் போன பிறகு, 1998இல் குழுவுக்குள் வந்த கத்ரோ அந்த ஊர்க்காரர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு அவர் குரலைக் கேட்டுப் பாருங்கள்.

குழுவின் பெயரே நிலத்திலிருந்து வந்ததுதான். ஊர் நிலத்தை நீளநீளப் பட்டைகளாகப் பிரித்து, குடும்பங்களுக்குள் முறை மாற்றிப் பயிர்செய்யும் பழைய ஏற்பாட்டுக்கு ரன்ரிக் என்று பெயர். தஞ்சைப் பக்கம் கரையீடு என்று ஒன்று இருந்ததே, ஏறக்குறைய அதுபோல.

சரி, இப்போது அந்தக் கடைசி வரி. 'இசைக்கு மொழி ஏது.'

இதை என்னிடம் குறைந்தது நூறு பேராவது சொல்லியிருப்பார்கள். சொன்னவர்களில் ஒருவர்கூடத் தன் மொழி போய்விடுமோ என்ற பயத்தோடு ஓர் இரவு படுத்தவர் இல்லை. கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்வது சுலபம். நீங்கள் தாண்டிவிடும் அந்தப் புரியாத மொழி காலிக், ஸ்காட்லாந்தின் பழைய மொழி. 2011 கணக்கெடுப்பில் அங்கே அதைப் பேசியவர்கள் சுமார் 57,000 பேர். (ஸ்காட்லாந்துக்காரர்கள் காலிக் என்றுதான் உச்சரிப்பார்கள். கேலிக் என்று எழுதாதீர்கள்.) 1872இன் பள்ளிச் சட்டத்தில் அந்த மொழியைப் பற்றி ஒரு வார்த்தையும் கிடையாது. வகுப்பில் பேசினால் அடி. அந்தச் சட்டத்துக்கு நூறு வருடம் கழித்து, 1973இல் ஸ்கையில் சில இளைஞர்கள் கல்யாணத்திலும் கூட்டத்திலும் ஆட்டத்துக்கு வாசிக்கும் குழுவாக ஆரம்பிக்கிறார்கள். 1978இல் முதல் ஆல்பம். 'ப்ளே காலிக்' என்று பெயர் வைத்து, அத்தனை பாட்டையும் காலிக்கில் பாடுகிறார்கள். பாட்டிக்கும் தேவாலயத்துக்கும் என்று ஒதுக்கி வைத்திருந்த மொழிக்குள் கிதாரையும் டிரம்ஸையும் கொண்டுவந்த ஆல்பம் அது. அதைத்தான் நீங்கள் ஒலிப்பதிவு சுமார் என்று விட்டுவிட்டீர்கள். சுமார்தான், ஒப்புக்கொள்கிறேன். 'ஹீ மீன் கியாவ்ரக்' என்று அதில் ஒரு பாட்டு இருக்கிறது. குளிர்காலம் வருவதைப் பார்க்கிறேன் என்று பொருள். அதைக் கேட்டுவிட்டு ஒலிப்பதிவைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலிக்கில் நம்மைப்போலவே குறில் நெடில் உண்டு. நீட்டினால் சொல் மாறிவிடும். அதனால் அந்த மரபுப் பாடல்களில் மெட்டு பெரும்பாலும் சொல்லின் நெடிலில்தான் போய் நிற்கும். சொல்லை எடுத்துவிட்டால் மெட்டு ஏன் அங்கே நின்றது என்று தெரியாது. செய்யுளில் இயைபும் உயிரொலிகளை வைத்துத்தான். ரன்ரிக்கின் கிதார் கலைஞர் மால்கம் ஜோன்ஸின் வாசிப்பைக் கேளுங்கள். ஸ்காட்லாந்தின் பேக்பைப் வாத்தியத்தில் காற்று நிற்காது, ஒத்து ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமானால் நடுவில் பொடியாக வேறொரு சுரத்தைத் தொட்டுத்தான் பிரிக்க முடியும். அந்தப் பொடிச் சுரங்களை அவர் மின்கிதாருக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலப் பாட்டுக்கு அடியிலும் அதுதான் ஓடுகிறது. நீங்கள் தாண்டிவிட்டுப் போகும் பாடல்களிலிருந்துதான் நீங்கள் மனப்பாடம் செய்த பாடல்கள் முளைத்தன.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. அதற்குக் காரணமும் சொல்கிறேன்.

1994இல் கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போனேன். பார்ட்டிக் பகுதியில் ஒரு வீட்டில் அறை கிடைத்தது. வீட்டுக்கார அம்மா ஸ்கையில் பிறந்தவர், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னை 'அ க்ராய்' என்று கூப்பிடுவார். கண்ணு என்கிற மாதிரி. முப்பது வயது தாண்டிய மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிட வருவார்.

1995 வசந்தத்தில் ஒரு ஞாயிறு. அந்த அம்மா மடியில் பேப்பரை விரித்து உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். டிவியில் ஒரு பியர் விளம்பரம் வந்தது. அதற்குப் பின்னணியில் ரன்ரிக்கின் 'அன் ஊவல் அஸ் ஆர்ட்ஜ'. 'தி கட்டர் அண்ட் தி கிளான்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, நீங்கள் தாண்டிவிடுவது. அந்த விளம்பரத்தால்தான் அது பிரிட்டிஷ் தரவரிசையில் 18ஆம் இடத்துக்கு வந்தது. முதல் இருபதுக்குள் வந்த முதல் காலிக் பாட்டு அது. அந்த அம்மாவின் கத்தி பாதிக் கிழங்கில் நின்றது. தோல் சுருள் அறுபடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா, என்ன பாடுகிறான்?" என்று மகன் கேட்டார்.

"ஆப்பிள். உச்சியில் இருக்கிற ஆப்பிள்" என்றார் ஆங்கிலத்தில். சொல்லும்போது என்னையும் பார்த்தார். நான் ஆறு மாதம் முன்பு வந்த வெளிநாட்டான். அவர் பெற்ற பிள்ளை. எங்கள் இருவருக்கும் ஒரே மொழிபெயர்ப்பு.

மகன் போன பிறகு சொன்னார். பள்ளி முற்றத்தில் காலிக் பேசியதற்காக வாங்கிய அடி. தன் பிள்ளை அப்படி அடி வாங்கக்கூடாது என்று முடிவு செய்தாராம். அதனால் கணவனும் மனைவியும் தங்களுக்குள் மட்டும், ராத்திரியில், பிள்ளை தூங்கிய பிறகு அதில் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் பணக் கஷ்டம். அந்த மகனுக்கு காலிக் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவும் அம்மாவும் கவலைப்படும் சத்தம். முப்பது வருடம் கழித்து அதே சத்தம் டிவியில் பாட்டாக வருகிறது, அவருக்கு ஒரு சொல் புரியவில்லை. இசைக்கு மொழி ஏது என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள் பார்ப்போம்.

அந்த அம்மா இப்போது இல்லை. ஆரம்பத்தில் சொன்ன இன்னொரு கடிதம் அந்த மகன் எழுதியது. பேத்தியை கிளாஸ்கோவில் காலிக் வழியில் நடக்கும் பள்ளியில் சேர்த்திருக்கிறார்களாம். வீட்டில் இவர் அந்த ஆப்பிள் பாட்டைப் போட்டால் பேத்தி நிறுத்தச் சொல்லி, தாத்தாவின் உச்சரிப்பைத் திருத்துகிறாளாம். 'ஊவல்' மட்டும் இன்னும் சரியாக வரவில்லை என்று எழுதியிருக்கிறார்.

உங்கள் கேள்விக்குப் பதில் இன்னும் சொல்லவில்லை. 1979இல் வந்த 'ஹைலேண்ட் கனெக்ஷன்' கேளுங்கள். அதில் 'லாக் லோமண்ட்' இருக்கிறது, அதற்காகவே எல்லோரும் அதை வாங்குவார்கள், நீங்களும் வாங்குவீர்கள். ஆனால் 'ஃபிஹ்யத் பிளியனா' என்ற பாட்டில் கொஞ்சம் நில்லுங்கள். இருபது வருடம் என்று அர்த்தம். பள்ளியில் ஊரார் வரலாற்றையெல்லாம் படித்துவிட்டு, தன் வரலாற்றைத் தானே தேட வேண்டியிருந்தவனின் பாட்டு. ஜிம்மில் வேண்டாம். ஓர் இடத்தில் உட்கார்ந்து, முழு ஆல்பத்தையும், எதையும் தாண்டாமல் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள். திட்டியதற்கு வருத்தம் இல்லை, ஆனால் உங்கள் அடுத்த கடிதத்துக்குக் காத்திருப்பேன்.